தாகூர் கேட்ட கேள்வி

இரவீந்திரநாத் தாகூர் என்றாலே நமக்கு கீதாஞ்சலியும் 1913ஆம் ஆண்டு நோபல் பரிசும்தான் ஞாபகம் வரும். ஆனா, இயற்பியல் பக்கமும் அவருக்கு ஓர் இடம் உண்டு.

1861இல் கல்கத்தாவில் பிறந்தார். தந்தை தேவேந்திரநாத் உபநிடதங்களில் ஊறியவர். மகனை இமயமலைக்கு அழைத்துப்போய், இரவு வானத்தைக் காட்டி நட்சத்திரங்களைச் சொல்லிக் கொடுத்தார். பையனுக்குப் பள்ளிக்கூடம்தான் பிடிக்கவே இல்லை. பின்னாளில், 1901இல், சாந்திநிகேதனில் மரத்தடி வகுப்புகளோடு தானே ஒரு பள்ளியைத் தொடங்கினார். ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்த 1919இல், பிரிட்டிஷார் கொடுத்த 'சர்' பட்டம் வேண்டாம் என்றார். 1927இல் நம்ம மலாயாவுக்கே வந்தார், கோலாலம்பூரிலும் பேசினார்.

14.7.1930 அன்று, பெர்லினுக்கு அருகே காபுத்தில் ஐன்ஸ்டைனின் வீட்டில் இருவரும் சந்தித்தார்கள். மனிதனே இல்லாவிட்டாலும் உண்மை இருக்குமா என்பதுதான் பேச்சு. அழகுக்கு மனிதன் வேண்டும் என்பதை ஐன்ஸ்டைன் ஒத்துக்கொண்டார். ஆனா உண்மைக்கு வேண்டியதில்லை. வீட்டில் யாரும் இல்லாதபோதும் மேசை மேசையாகவே இருக்கும் என்றார். மனித மனத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத உண்மை நமக்கு இல்லாததற்குச் சமம் என்றார் தாகூர். ஐன்ஸ்டைன் தன் கருத்தை நிரூபிக்க முடியாது, அது தன் நம்பிக்கை என்று மறைக்காமல் சொன்னார்.

1935இல் ஐன்ஸ்டைன் குவாண்டம் கோட்பாடு முழுமையற்றது என்று வாதாடினார். 1964இல் ஜான் பெல் அதைச் சோதிக்க வழி சொன்னார். சோதனைகள் செய்த மூவருக்கு 2022இல் நோபல் கிடைத்தது. அளப்பதற்கு முன்பே துகள்களிடம் விடை தயாராக இருக்கிறது, தூரத்தில் செய்யும் அளவீடு இங்கே எதையும் பாதிக்காது: இந்த இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது என்று அவை காட்டின.

அப்போ தாகூர் ஜெயிச்சுட்டாரா? எங்க கம்போங் மேடான் பசங்ககிட்ட இந்தப் பேச்சு வந்தா, நம்ம வேதாந்தத்தை விஞ்ஞானம் நிரூபிச்சிடுச்சுன்னு உடனே கைதட்டு எழும். அங்கேதான் நாம நிதானிக்கணும். குவாண்டம் இயற்பியலில் அளவீடு என்றால் மனித மனம் என்று அர்த்தமில்லை. ஆய்வுக்கூடத்தில் ஆளே இல்லாவிட்டாலும் கருவி அளந்து பதிவு செய்துவிடும். மனம்தான் உலகை உண்டாக்குகிறது என்று எந்தச் சோதனையும் சொல்லவில்லை.

தாகூரும் அப்படிக் குறுக்குவழி தேடவில்லை. 1937இல், 76 வயதில், அணு முதல் விண்மீன் வரை சாதாரண மக்களுக்கு விளக்கும் 'விஸ்வ பரிசய்' என்ற நூலை வங்காளத்தில் எழுதி, இயற்பியலாளர் சத்யேந்திரநாத் போஸுக்குக் காணிக்கையாக்கினார். உபநிடதத்தில் வளர்ந்தவர், விஞ்ஞானத்தை விஞ்ஞானமாகவே கற்றார். 1941இல் மறைந்தார்.

நம்ம சமயம் கேள்வி கேட்கச் சொல்லித்தரும் சமயம். அதுக்கு இயற்பியலின் சான்றிதழ் தேவையில்லை. நிரூபிக்க முடிந்தது எது, நம்பிக்கை எது என்று பிரித்துச் சொல்லும் நேர்மைதான் தேவை. அந்த நேர்மை காபுத்தில் அன்று இருவரிடமும் இருந்தது, நம்மிடமும் இருக்கட்டும்.