பேசும் பொம்மை செய்த பையன்

புதுக்கோட்டை பஸ்ல போன் பேசிட்டே போறீங்களே, கிரகாம் பெல் காது கேளாத பிள்ளைகளோட வாத்தியார்னு தெரியுமா?

1847-ல் எடின்பரோவில் பிறந்தார். அம்மாவுக்கே காது சரியா கேட்காது. 1863-ல் வீட்ஸ்டனின் பேசும் இயந்திரத்தைப் பார்த்துட்டு, அண்ணனோட சேர்ந்து செயற்கைத் தொண்டை, நாக்கு, உதடு எல்லாம் செய்தார். அண்ணன் ஊத, இவர் உதட்டை அசைக்க, அது மாமான்னு கத்திச்சு (நம்ம மாமா இல்லை, அவங்க ஊர் அம்மா!).

1871-ல் பாஸ்டனில் வாத்தியார். 1876-ல் டெலிபோன். 1877-ல் காது கேளாத மாணவி மேபலோடு திருமணம்.

எனக்கு இடிக்கிறது ஒண்ணுதான். சைகை மொழி வேண்டாம், வாயால்தான் பேசணும்னு பிரசாரம் செய்தார். அதே கொள்கையால பல பள்ளிகளில் பிள்ளைகள் கையால் பேசவே தடை. காது கேளாதோர் பலருக்கு அந்தக் கோபம் இன்னும் தீரலை.

1922-ல் உயிர் பிரியும் நேரம், மேபலுக்கு விரல் சைகையில்தான் பதில் சொன்னாராம்.