பழுது கண்டு அஞ்சாத அம்மையார்

இக்காலத்தில் நம் இல்லங்களிலும் விடுதி அறைகளிலும் கணிப்பொறி குடும்பத்துள் ஒருவரைப் போல இடம்பெற்றுவிட்டது. அது செவ்வனே இயங்குங்கால் அதனை நினைப்பாரில்லை. திடீரென நின்றுவிடுமாயின் வீடே கலங்குகின்றது. ஒருவர் அதன் பக்கத்திலே தட்டுகின்றார். ஒருவர் மின்கம்பியைப் பிடுங்கி மீண்டும் செருகுகின்றார். மற்றொருவர் அதனை இறுதியாகத் தொட்டவர் யாவரென ஆராய்ந்து குற்றஞ் சாட்டப் புகுகின்றார். பழுது யாது, அஃது எதனால் விளைந்தது என்று வினவுவார் மிகச் சிலரே. மருத்துவனுக்கு நெறி வகுத்த வள்ளுவர் பிணியை அறிதலையும் அதன் காரணத்தைத் தேடுதலையும் முன்வைத்து, தீர்க்கும் வழியைப் பின்வைத்தார். அவ்வொழுங்கு பொறிகளுக்கும் பொருந்தும் என்பதைத் தம் வாழ்வாற் காட்டியவர் அமெரிக்க நாட்டுக் கிரேஸ் ஹாப்பர் அம்மையார். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

அம்மையார் 1906ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் நியூயார்க் நகரிற் பிறந்தார். ஏழு வயதிலேயே அவருக்கு ஓர் ஐயம் எழுந்தது. அலாரக் கடியாரம் குறித்த நேரத்தில் மணியடிப்பது எவ்வாறு என்பதே அது. விடை காணும்பொருட்டு ஒரு கடியாரத்தைப் பிரித்தார். அதன் உள்ளுறுப்புகள் சிதறிக் கிடந்தனவேயன்றி மறைபொருள் விளங்கவில்லை. ஆகவே அடுத்ததைப் பிரித்தார். இவ்வாறு வீட்டிலிருந்த ஏழு கடியாரங்களும் அவர் கையில் அகப்பட்டன. செய்தியறிந்த தாயார் மகளின் ஆவலை அடக்கிவிடவில்லை. இனிப் பிரித்து ஆராய ஒரு கடியாரமே உனக்கு உரியது என்று வரம்பு கட்டினார். மகளிரும் ஆடவரைப் போலவே உயர்கல்வி பெறல் வேண்டும் என்பது தந்தையாரின் கொள்கை. இத்தகைய பெற்றோர் வாய்த்தமை அக்குழந்தையின் நற்பேறு.

ஆயினும் அவர்தம் கல்விப் பாதை இடறலின்றி அமைந்ததன்று. வாசர் கல்லூரியிற் சேர முயன்றபோது இலத்தீன் மொழித் தேர்வில் தவறினார். ஓராண்டு காத்திருந்து பயின்ற பின்னரே இடம் பெற்றார். 1928இல் கணிதத்திலும் பௌதிகத்திலும் பட்டமும், 1934இல் யேல் பல்கலைக்கழகத்திற் கணித முனைவர் பட்டமும் பெற்றார். இதனிடையே 1931 முதல் தாம் பயின்ற வாசர் கல்லூரியிலேயே கணிதம் கற்பித்து வந்தார்.

இரண்டாம் உலகப்போர் மூண்டபோது அம்மையார் கடற்படையிற் சேர விழைந்தார். வயது மிகுதி என்றனர். உடல் எடை குறைவு என்றனர். வேண்டிய எடைக்கு 15 பவுண்டு குறைந்திருந்த அவர், தனி இசைவு பெற்று 1943 டிசம்பரிற் படையிற் சேர்ந்தார். பயிற்சி முடிந்ததும், 1944 ஜூலையில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஹோவர்டு ஐக்கன் அமைத்திருந்த மார்க் 1 என்னும் கணிப்பொறியிடத்துப் பணிக்கு அனுப்பப்பெற்றார். ஏழு கடியாரங்களைப் பிரித்த கைகளுக்கு ஏற்ற பொறி அது. 51 அடி நீளமும் 8 அடி உயரமும் உடையது. ஏறத்தாழ ஐந்து டன் எடையினது. ஒரு விநாடியில் மூன்று கூட்டல்களைச் செய்யும். ஒரு பெருக்கலுக்கு ஆறு விநாடி கொள்ளும். துளையிட்ட காகித நாடாவில் அமைந்த கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து அது இயங்கிற்று. ஒரு துளை இடம் மாறினும், ஓர் உறுப்பு ஒட்டாது நின்றாலும் விடை முழுதும் பிழையாகும். பிழை பொறியினதா, கட்டளை எழுதியவரதா என்று பிரித்தறிதலே அங்குப் பணிபுரிந்தாரின் நாள்தோறும் உள்ள வேலையாயிற்று. அப்பொறியை இயக்கும் முறைகளை விளக்கி 500 பக்கங்களுக்கு மேற்பட்ட ஒரு கையேடு 1946இல் வெளிவந்தது. அதனைப் பெரும்பான்மையும் எழுதியவர் அம்மையாரே.

இனி, அவர் பெயரோடு பிரியாது வழங்கும் கதையொன்றைக் கூறல் வேண்டும். மார்க் 1க்குப் பின் செய்யப்பட்ட மார்க் 2 என்னும் பொறி 1947 செப்டம்பர் 9ஆம் நாள் பிழைபட்டது. பணியாளர் காரணந் தேடிச் சென்று பார்த்தபொழுது, மின்காந்தத்தால் ஒட்டியும் விலகியும் இயங்கும் ரிலே ஒன்றனுள் ஓர் அந்துப்பூச்சி சிக்குண்டு இறந்து கிடந்தது. அதனை எடுத்துக் குறிப்பேட்டில் நாடாவால் ஒட்டி, பூச்சி ஒன்று மெய்யாகவே அகப்பட்ட முதல் நிகழ்ச்சி இது என நகைச்சுவை தோன்றக் குறித்து வைத்தனர். அவ்வேடு அமெரிக்கத் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்திற் பாதுகாக்கப்பட்டுள்ளது. இப்பூச்சியைக் கண்டெடுத்தவர் அம்மையாரே என்றும், பழுதுக்குப் பூச்சி எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை வழங்கியவரும் அவரே என்றும் பலர் எழுதுகின்றனர். இரண்டும் உண்மையல்ல. அச்சொல்லை 1878இலேயே எடிசன் இப்பொருளில் ஆண்டுள்ளார். பூச்சியைக் கண்டவர்கள் உடன் பணிபுரிந்தோர். அம்மையார் அக்கதையைச் சென்ற இடமெல்லாம் சுவைபடக் கூறிப் பரப்பியவர். ஆயினும் அந்நிகழ்ச்சியில் நாம் போற்றத்தக்கது வேறொன்றுண்டு. அவர்கள் பழுதை மறைக்கவில்லை. ஒருவர்மேல் ஒருவர் ஏற்றவுமில்லை. நாளும் நேரமும் இடமும் குறித்து ஏட்டில் ஏற்றினர். மறைத்த பழுது மீண்டும் வரும். எழுதிய பழுது அடுத்தவர்க்குப் பாடமாகும்.

அம்மையாரின் பெருமை இதனினும் ஆழமான ஒரு பழுதின் காரணத்தைக் கண்டதில் உள்ளது. முன்னரே சரிபார்த்த கட்டளைத் தொகுதிகளை அக்காலத்தார் தத்தம் குறிப்பேடுகளில் எழுதி வைத்து, வேண்டும்போது ஒருவரிடமிருந்து ஒருவர் பார்த்து எழுதிக்கொண்டனர். அங்ஙனம் பெயர்த்தெழுதுகையில் எண்கள் மாறின, எழுத்துகள் விடுபட்டன, நல்ல தொகுதியும் பழுதாயிற்று. ஏடு பெயர்த்தெழுதினோரின் கைப்பிழையால் நம் பழைய நூல்களிற் பாடபேதங்கள் புகுந்தமை அறிந்த தமிழ் மாணவர்க்கு இஃது எளிதில் விளங்கும். பிறர் தவறு நேருந்தோறும் அதனைத் திருத்தி அமைந்தனர். அம்மையாரோ, மனிதர் பெயர்த்தெழுதுவதனால் பிழை வருமாயின், அவ்வேலையைப் பொறியிடமே விட்டால் என்ன என்று எண்ணினார்.

1949இல் பிலடெல்பியாவில் எக்கர்ட், மாக்லி என்பாரின் நிறுவனத்திற் சேர்ந்த அவர், அங்கு உருவாகி வந்த யூனிவாக் கணிப்பொறிக்கென இவ்வெண்ணத்தைச் செயற்படுத்தினார். தொகுதிகளுக்கு எண்ணிட்டு நாடாவிற் சேமித்தார். எண்ணைக் குறித்தால் பொறியே உரிய தொகுதியைத் தேடியெடுத்து ஒழுங்காகக் கோத்துக்கொள்ளும். ஏ-0 எனப்பட்ட இக்கம்பைலர் 1952 அளவில் இயங்கிற்று. பொறி கணக்கிடுமேயன்றி நிரல் எழுதாது எனப் பலர் நம்ப மறுத்தனர். அவர் அதனோடும் அமையாது, எண்ணும் குறியும் அறியாத வணிகரும் எளிய ஆங்கிலச் சொற்களால் ஆணையிடத்தக்க ஃபுளோமேட்டிக் என்னும் மொழியை உருவாக்கினார். 1959இல் குழுவொன்று வகுக்கத் தொடங்கிய கோபால் மொழிக்கு அதுவே பெரிதும் அடிப்படையாயிற்று.

1966இறுதியிற் கடற்படை அவருக்கு ஓய்வளித்தது. 1967இலேயே மீண்டும் அழைத்தது. ஒரே மொழியை வெவ்வேறு நிறுவனங்களின் பொறிகள் வெவ்வேறாகப் பொருள்கொண்டமையால், அவற்றைச் சோதித்துப் பிழை காட்டும் நிரல்களை உருவாக்கும் பணியை அவர் முன்னின்று நடத்தினார். மாணவர்க்குச் சொற்பொழிவாற்றச் செல்லுங்கால் ஏறத்தாழ 11.8 அங்குல நீளமுள்ள கம்பித் துண்டுகளைக் கொண்டு சென்று வழங்குவார். ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு கூற்றில் ஒளி செல்லும் தொலைவு அவ்வளவே என்று கண்ணாற் காணச் செய்வார். அவர்தம் அலுவல் அறையிலே இடப்புறமாகச் சுற்றும் கடியாரம் ஒன்று தொங்கிற்று. வழக்கம் என்பதனாலேயே ஒன்று விதியாகிவிடாது என்பதை அது வருவார்க்கெல்லாம் உணர்த்திற்று. ரியர் அட்மிரல் பதவியோடு 1986இல், தம் 79ஆம் வயதில், படையினின்று விலகினார். 1992ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அவர் ஆவி பிரிந்தது. 2016இல் அமெரிக்க அரசு நாட்டின் உயரிய விருதொன்றை அவர் நினைவுக்கு அளித்தது.

மாணவ நண்பர்காள்! நம்முள் எல்லோரும் புதிய கணிப்பொறி மொழி காணப் போவதில்லை. ஆயினும் நம் வீட்டுப் பொறி நின்றுபோகும் நாள் நம் அனைவர்க்கும் வரும். அன்று அதனைத் தட்டுதற்கு முன், அது நின்ற நேரத்தில் யாது செய்துகொண்டிருந்தோம், திரையில் தோன்றிய செய்தி யாது, அண்மையில் மாற்றியது யாது என்று ஒரு தாளிற் குறிப்போம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போம். காரணம் கண்டபின் அதனையும் எழுதி வைப்போம். பொறியைப் பிரித்து வைத்துக்கொண்டு விழிக்கும் தம்பி தங்கையர் நம் வீட்டில் இருப்பின், அவரைக் கடிந்து துரத்தாது, பழைய கடியாரம் ஒன்றையேனும் அவர் கையிற் கொடுப்போம்.