வானூர்ந்த செம்மல்

இந்தியாவில் வழங்கப்பெற்ற விமானி உரிமங்களுள் முதலாவதைப் பெற்றவர் ஜே. ஆர். டி. டாட்டா ஆவார். 1929-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 10-ஆம் நாள் அவ்வுரிமம் அவர் கைக்கு வந்தது. ஆனால் அவருடைய வேட்கையோ இளமையிலேயே வேர்கொண்டது. 1904-ஆம் ஆண்டு பாரிசு மாநகரில் பிறந்த அவர், பிரான்சு நாட்டின் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் கோடைக்காலங்களைக் கழித்தார். 1909-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கால்வாயை முதன்முதல் விமானத்தில் கடந்த பிளெரியோ என்பார்க்கும் அங்கே ஓர் இல்லம் இருந்தது. பதினைந்தாம் வயதில் ஒருமுறை வானில் பறந்து வந்த சிறுவர், தாமும் விமானியாதல் வேண்டும் என்று உறுதி பூண்டார்.

இங்கிலாந்திற்கும் இந்தியாவிற்கும் இடையே தனித்துப் பறக்கும் முதல் இந்தியர்க்கு 500 பவுன் பரிசு என ஆகாகான் அறிவித்தார். அக்காலத்து விமானத்தை இக்காலத்ததாக எண்ணிவிடலாகாது. மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்த இறக்கைகள், மேற்கூரையற்ற இருக்கை, வழி கேட்க வானொலியும் இல்லை. இத்தகைய ‘ஜிப்சி மாத்’ ஊர்தியில் 1930-ஆம் ஆண்டு மே மாதம் டாட்டா கராச்சியினின்றும் மேற்கு நோக்கிப் புறப்பட்டார். ஆஸ்பி இன்ஜினியர் என்னும் பதினேழு வயது இளைஞர் இங்கிலாந்தினின்றும் கிழக்கு நோக்கி வந்துகொண்டிருந்தார்.

எகிப்து நாட்டில், அலெக்சாந்திரியாவை அடுத்த அபூகீரில் டாட்டா இறங்கியபொழுது, ஆஸ்பி செயலற்று நிற்கக் கண்டார். அவருடைய எஞ்சினின் பிளக்கு பழுதுற்றிருந்தது. உருளைக்குள் அடைபட்ட பெட்ரோல் ஆவியைத் தீப்பொறியால் எரியச் செய்வது பிளக்கு. விரலளவினதாகிய அச்சிறு கருவி கெட்டுவிடின் விமானம் வெறுங்கூடே. மாற்றுப் பிளக்கு வரும்வரை ஆஸ்பி அங்கேயே காத்திருத்தல் வேண்டும். காத்திருப்பின் பரிசு டாட்டாவுக்கே ஆகும். இஃது இருவரும் அறிந்ததே. டாட்டா வாளா பறந்து சென்றிருப்பினும் அவரைக் குறை கூறுவார் யார்? அவரோ, முன்னே நெடுவழி எஞ்சியிருக்கவும், தம்மிடமிருந்த மாற்றுப் பிளக்குகளை எடுத்து அவ்விளைஞர்க்கு அளித்துவிட்டுத் தம் வழியே சென்றார்.

சில மணி நேர வேறுபாட்டில் ஆஸ்பி வென்றார். பரிசும் அவரையே சேர்ந்தது. டாட்டா அதற்கு வருந்தினாரல்லர். அன்று வென்ற இளைஞரே 1960-ஆம் ஆண்டில் இந்திய விமானப் படையின் தலைவராயினார்.

இரண்டாண்டு கழிந்தபின், 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள், டாட்டா அஞ்சற் பைகளுடன் கராச்சியினின்றும் அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தாமே விமானம் செலுத்தினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்னும் நண்பர், பெல்லாரியில் இராத் தங்கி, மறுநாள் சென்னைக்கு அஞ்சலைக் கொணர்ந்தார். இங்ஙனம் தொடங்கிய பணியே 1946-ஆம் ஆண்டில் ‘ஏர் இந்தியா’ எனப் பெயர் பெற்றது. 1953-ஆம் ஆண்டில் அஃது அரசுடைமையான பின்னரும், 1978 வரை அவரே அதன் தலைவராக விளங்கினார். அவர் நடத்திய ஆலைகளையும் அறநிலையங்களையும் ஈண்டு உரைப்பின் விரியும்.

1992-ஆம் ஆண்டில் ‘பாரத ரத்னா’ விருது பெற்ற அவர், மறு ஆண்டில் ஜெனீவா நகரில் மறைந்தார். அதற்குப் பதினோராண்டு முன்னர், முதல் அஞ்சற் பயணத்தின் பொன்விழா நாளில், எழுபத்தெட்டு வயது முதியவராகிய டாட்டா ஒரு பழைய சிறு விமானத்தில் கராச்சியினின்றும் மீண்டும் தனித்துப் பறந்து வந்து, பம்பாயின் ஜூஹு நிலையத்தில் இறங்கினார்.