கடற்பசுவும் ஸ்ரெல்லரும்

மன்னார்க் கடலில் வாழும் ஆவுளியா என்னும் கடற்பசுவின் இறைச்சியைச் சிறுபராயத்தில் நான் உண்டதுண்டு. அவ்வினத்துட் பெரியதொன்று பூண்டோடழிந்த செய்தியை, ஜோர்ஜ் ஸ்ரெல்லரின் வரலாற்றைப் பயின்றபோதே அறிந்தேன்.

ஜேர்மனியில் 1709ஆம் ஆண்டு பிறந்த ஸ்ரெல்லர் இயற்கைநூல் வல்லுநர். ருஷியப் பேரரசின் பணியேற்று, பேரிங் என்னும் கப்பற்றலைவரோடு 1741இல் அலாஸ்காவை அடைந்தார். மீளும்போது மரக்கலம் ஆளற்ற தீவொன்றிற் சிதைந்தது. தலைவரும் பலரும் நோயுற்று மாண்டனர். ஸ்ரெல்லர் பச்சிலை தேடியூட்டிப் பலரைக் காத்தார்.

பசியும் குளிரும் வருத்திய அத்தீவிலேதான், கடற்பாசி மேயும் அப்பெருங் கடற்பசுவை அவர் நுணுகி ஆராய்ந்தார். ஏறக்குறைய 8 மீற்றர் நீளம்; பல்லில்லை; மனிதரைக் கண்டு அஞ்சுதலுமில்லை. கொல்லப்பட்ட பெட்டையைத் தேடி ஆண் கரைவரை வந்ததையும் எழுதிவைத்தார். அதன் ஊனே தப்பியோரின் உயிர்காத்தது. அவர்கள் புதுப்படகு கட்டி 1742இல் மீண்டனர்.

ஸ்ரெல்லர் 1746இல், 37 வயதில், சைபீரியாவிற் காலமானார். அவர்தம் நூல் 1751இல் வெளிவந்தது. உரோமத்தோல் வேட்டைக்காரரோ அத்தீவுகளை நாடிச் சென்று கடற்பசுவைக் கொன்றுண்டனர். 1768ஆம் ஆண்டளவில், கண்டறிந்த 27 ஆண்டுகளுள், அவ்வினம் அற்றொழிந்தது. உயிரோடு அதனைக் கண்டெழுதிய இயற்கைநூலார் ஸ்ரெல்லர் ஒருவரே.

இன்று ஆவுளியாவும் அருகி வருகின்றது. அதற்கும் ஏடு மட்டுமே எஞ்சும் நிலை வரலாகாதென்று, அன்று உண்ட நாவினாலேயே மாணாக்கர்க்குச் சொல்லி வருகின்றேன்.