கணக்கு வாத்தியார் நூலகரான கதை

நூலகர்னா புத்தகம் அடுக்குபவர், பேசினால் முறைப்பவர். போன் வந்த பிறகு அவர் எதற்கு என்றுகூட நாம் கேட்கிறோம். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனுக்கே முதலில் அந்த வேலை பிடிக்கவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக் கொடுத்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். சீக்கிரமே சலித்துப்போய், கல்லூரிக்கே திரும்பப் பார்த்தார். முதலில் லண்டன் போய்ப் படித்துவிட்டு வரச் சொன்னார்கள்.

அங்கே நூலகங்கள் சாதாரண மக்களுக்கும் திறந்திருந்தன. ஆள் மாறிப்போனார். ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானையும் பார்த்தார். கொஞ்சம் துண்டுகள், எத்தனையோ உருவங்கள். அந்த யோசனையில் வந்ததுதான் 1933-இன் கோலன் பகுப்புமுறை. பொறியியல் படிக்கிற எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. ஷாப்பியில் விலை, நிறம், அளவு என்று தட்டித் தேடுகிறோமே, அதுவும் இதே வழிதான்.

ஆனால் தனியாளாக அவர் எதுவும் சாதித்திருக்க முடியாது. 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கியது; செயலாளர் அவரே. மறு வருடமே சங்கம் நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தியது. செராஸில் நம் கிளை அலமாரியில் புத்தகம் இருக்கு, பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள்தான் இல்லை. அதனால் பூட்டியே கிடக்கு. அவர் முதலில் ஆளைத் தயார் செய்தார்.

சட்டத்துக்கு 20 வருடம் பிடித்தது. 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தது.

1972-இல் பெங்களூரில் காலமானார். அதற்கு முன்பே தன் சேமிப்பில் ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்திருந்தார், நூலகவியல் பேராசிரியர் பதவிக்காக. அதற்கு வைத்தது மனைவி சாரதாவின் பெயரை.