பரிணாமத்துக்கு ஆதாரம் சேர்த்தவர், பரிணாமத்தையே மறுத்தவர்: யார் இந்த ஜார்ஜ் குவியர்?

டைனோசர் அழிந்துவிட்டது, மாமூத் அழிந்துவிட்டது என்று இன்று எல்கேஜி குழந்தைகூட சொல்லிவிடும். ஆனா, 230 வருடங்களுக்கு முன்பு இதைச் சொல்லியிருந்தால் பெரும்பாலானோர் நம்பியிருக்க மாட்டார்கள். கடவுள் படைத்த ஓர் உயிரினம் எப்படி மொத்தமாகக் காணாமல் போகும் என்று கேட்டிருப்பார்கள். அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சனே, மண்ணில் கிடைத்த ராட்சத எலும்புகளுக்குச் சொந்தமான விலங்கு எங்கோ காட்டில் உயிரோடு இருக்கலாம் என்று நம்பியவர்தான்.

இந்த நம்பிக்கையை எலும்புகளை வைத்தே உடைத்தவர் ஜார்ஜ் குவியர். பாலூட்டிகள் கோடிக்கணக்கான ஆண்டுகளில் எப்படி மாறி வந்தன என்று இன்று நாம் படிக்கும் கதைக்கு முதல் பக்கங்களை எழுதியவர். ஆனால் அந்தக் கதையின் மையக் கருத்தான பரிணாமத்தை அவர் கடைசி வரை ஏற்கவே இல்லை. அதெப்படி?

டியூஷன் வாத்தியார் டு பாரிஸ் மியூசியம்

1769 ஆகஸ்ட் 23-ல் மோன்பெலியார் என்ற ஊரில் பிறந்தார் குவியர். இன்று பிரான்சில் இருக்கும் அந்த ஊர், அப்போது ஜெர்மானிய வூர்ட்டம்பெர்க் ஆட்சியின் கீழ் இருந்தது. ஸ்டட்கார்ட்டில் படித்து முடித்தவருக்கு உடனே பெரிய வேலை எதுவும் கிடைக்கவில்லை. பிரான்சின் நார்மண்டியில் ஒரு பிரபுவின் வீட்டில் பையனுக்குப் பாடம் சொல்லித் தரும் வேலைக்குப் போனார்.

பாரிஸ் புரட்சியில் பற்றி எரிந்த ஆண்டுகளில், குவியர் கடலோரத்தில் கிடைத்த மீன்களையும் நத்தைகளையும் அறுத்துப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார். அந்தக் குறிப்புகள்தான் 1795-ல் அவரைப் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குள் கொண்டு சேர்த்தன. அடுத்த வருடமே, 26 வயதில், அறிவியல் உலகைத் திருப்பிப் போட்டார்.

இலங்கையில் இருந்து போன யானை மண்டை ஓடு

1795-ல் பிரெஞ்சுப் படை நெதர்லாந்தைப் பிடித்தபோது, அங்கிருந்த அரச சேகரிப்பையும் அள்ளிக்கொண்டு பாரிஸ் வந்தது. அதில் இரண்டு யானை மண்டை ஓடுகள் இருந்தன. ஒன்று இலங்கையில் இருந்து வந்தது. மற்றொன்று தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைப் பகுதியில் இருந்து வந்தது. இரண்டு இடங்களிலும் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி ஆண்ட காலம் அது.

யானை என்றால் எல்லாம் ஒரே யானைதான் என்று நினைத்திருந்த காலத்தில், குவியர் கடைவாய்ப் பற்களை உற்றுப் பார்த்தார். இலங்கை யானையின் பல்லில் ரிப்பனை வரிசையாக அடுக்கியது போன்ற மேடுகள். ஆப்பிரிக்க யானையின் பல்லில் சாய்சதுர வடிவங்கள். நாயும் நரியும் எப்படி வேறு வேறோ, அதுபோல இவையும் வேறு இனங்கள் என்று முடிவுக்கு வந்தார்.

ஆனா, அசல் வெடிகுண்டு அடுத்ததுதான். சைபீரியாவின் உறைபனியில் கிடைத்த மாமூத் எலும்புகளை, வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட இந்திய யானைகள் என்று சிலர் விளக்கி வந்தார்கள். குவியர் தாடையையும் பல்லையும் ஒப்பிட்டு, அது இந்த இரண்டு யானைகளில் எதுவுமே இல்லை என்று காட்டினார். அவ்வளவு பெரிய விலங்கு எங்காவது உயிரோடு இருந்தால் யார் கண்ணிலும் படாமல் இருக்குமா? அப்படியானால் அது அழிந்துவிட்டது. 1796 ஏப்ரலில் பாரிசில் அவர் வாசித்த ஆய்வின் சாரம் இதுதான்.

பிளாஸ்டர் சுரங்கத்துக்குள் இருந்த காடு

பாரிசின் மோன்மார்த்ர் மேட்டில் ஜிப்சம் சுரங்கங்கள் இருந்தன. எலும்பு முறிந்தால் கட்டுப்போடும் 'பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்' அந்தப் பெயரைப் பெற்றது இந்த ஜிப்சத்தால்தான். தொழிலாளர்கள் கல்லை உடைக்கும்போது கிடைத்த எலும்புகள் குவியரிடம் வந்தன.

மாமூத்தாவது பார்க்க யானை மாதிரி இருந்தது. இந்த எலும்புகளோ இன்று வாழும் எந்த விலங்கோடும் பொருந்தவில்லை. பேலியோதீரியம் என்று அவர் பெயர் வைத்த விலங்கு, இன்று குதிரையின் தூரத்து உறவு என்று கணிக்கப்படுகிறது. அதன் வயது 3 கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

இதே சுரங்கத்தில் கிடைத்த ஒரு சின்ன எலும்புக்கூடு குவியரைப் பிரபலமாக்கியது. பாதி கல்லுக்குள் புதைந்திருந்த அதன் பல்லையும் தாடையையும் பார்த்தே, இது ஒப்போசம் போன்ற பைப்பாலூட்டி என்றார். அப்படியானால் இடுப்புக்கு முன்னால் இரண்டு சிறிய எலும்புகள் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, சாட்சிகள் முன்னிலையில் கல்லைச் செதுக்கினார். எலும்புகள் அப்படியே இருந்தன!

ஆழம் போகப் போக என்ன தெரிந்தது?

நண்பர் அலெக்சாண்டர் பிரோங்னியாருடன் சேர்ந்து பாரிசைச் சுற்றியுள்ள பாறை அடுக்குகளை ஆராய்ந்தார் குவியர். மேல் மண்ணில் மாமூத் போன்ற, இன்றைய விலங்குகளுக்கு நெருக்கமானவை. அதற்குக் கீழே பேலியோதீரியம் போன்ற விசித்திரங்கள். இன்னும் கீழே போனால் பாலூட்டிகள் மறைந்து, ஊர்வனவே ஆட்சி செய்தன. 1812-ல் நான்கு தொகுதிகளாக இதையெல்லாம் வெளியிட்டார்.

1818-ல் ஆக்ஸ்ஃபோர்டு போனபோது ஒரு புதிர் காத்திருந்தது. ஸ்டோன்ஸ்ஃபீல்டு என்ற இடத்தில், ஊர்வனவற்றின் காலத்துப் பாறையில் கிடைத்த குட்டித் தாடை அது. அதையும் பாலூட்டி என்றே சொன்னார் குவியர். பலர் நம்ப மறுத்தார்கள். இன்றைய அறிவியல் அவர் பக்கம்தான். டைனோசர் காலத்திலேயே எலி அளவுப் பாலூட்டிகள் அவற்றின் காலடியில் வாழ்ந்தன. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் வீழ்ந்த பிறகுதான் பாலூட்டிகள் பெரிதாகப் பெருகின.

அப்புறம் ஏன் மறுத்தார்?

ஓர் உயிரினத்தின் பல், குடல், கால் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருத்தமாக அமைந்தவை. ஒன்றை மாற்றினால் மொத்தமும் கெட்டுவிடும் என்பது குவியரின் வாதம். நெப்போலியனின் படையெடுப்போடு எகிப்து சென்ற அறிஞர்கள் கொண்டுவந்த ஐபிஸ் பறவை மம்மிகளை ஆராய்ந்தார். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்தும் பறவை மாறவில்லையே என்று கேட்டார். பரிணாமத்துக்கு அந்தக் காலம் வெறும் கண் சிமிட்டல்தான் என்பதை அவர் ஏற்கவில்லை. பெரும் பேரழிவுகள் வரும், பழையவை போகும், புதியவை வேறிடத்தில் இருந்து வரும் என்பதே அவர் விளக்கம். உயிரினங்கள் மாறும் என்று சொன்ன சக விஞ்ஞானி லமார்க்குக்கு எழுதிய இரங்கலுரையில்கூட அவரைக் கேலி செய்யாமல் விடவில்லை.

கறுப்புப் பக்கம்

மனிதர்களையும் இனவாரியாக உயர்வு, தாழ்வு என்று தரம் பிரித்தவர் குவியர். ஐரோப்பாவில் காட்சிப்பொருளாக வைக்கப்பட்ட தென்னாப்பிரிக்கப் பெண் சாரா பார்ட்மன் 1815-ல் இறந்ததும், உடலை அறுத்து ஆராய்ந்தவர் இவர்தான். அவரது எலும்புக்கூடு பாரிஸ் அருங்காட்சியகத்தில் பல பத்தாண்டுகள் வைக்கப்பட்டிருந்தது. 2002-ல்தான் உடல் எச்சங்கள் தாய்மண்ணுக்குத் திரும்பின.

சொந்த வாழ்க்கையிலும் இழப்புகள் ஏராளம். பெற்ற பிள்ளைகள் அத்தனை பேரும் அவருக்கு முன்பே இறந்தார்கள். விலங்குகளைச் சேகரிக்க இந்தியா வந்த வளர்ப்பு மகன் ஆல்பிரட் துவோசெல், மெட்ராசில் உயிரிழந்தார். பாராசிங்கா மானின் அறிவியல் பெயரில் அவர் பெயர் இன்றும் இருக்கிறது.

இன்று குவியர் எங்கே நிற்கிறார்?

1832 மே 13-ல் குவியர் இறந்தார். 27 வருடங்கள் கழித்து டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வெளியானது. குவியர் அடுக்கி வைத்த எலும்புகளே பரிணாமத்துக்குச் சாட்சி சொல்லத் தொடங்கின. ஈஃபிள் கோபுரத்தில் பொறிக்கப்பட்ட 72 பெயர்களில் அவர் பெயரும் ஒன்று.

மாமூத்தின் டிஎன்ஏவை இன்று படித்துவிட்டார்கள். அது தனி இனம் என்று குவியர் சொன்னது சரி. ஆனால் அவர் ஏற்க மறுத்த உறவுமுறையும் அதிலேயே இருக்கிறது: ஆப்பிரிக்க யானையைவிட ஆசிய யானைக்குத்தான் மாமூத் நெருங்கிய சொந்தம். ஒரு காலத்தில் பல கிளைகளாகப் பரவியிருந்த அந்தக் குடும்பத்தில் இப்போது மூன்று இனங்கள்தான் மிச்சம். குவியர் கையில் எடுத்துப் பார்த்த அந்த இலங்கை மண்டை ஓட்டுக்குரிய ஆசிய யானையும் இன்று அழியும் ஆபத்தில் உள்ள விலங்குகள் பட்டியலில் இருக்கிறது.