வால்ட்டர் ஷூஹார்ட்

நால்வர் ஐவராகச் சேர்ந்து ஆராய்ச்சித் திட்டம் செய்யும் மாணவ நண்பர்கள் இவரை அறிந்திருத்தல் நலம். இவர் கல்வியைப் பற்றி நூல் எழுதியவர் அல்லர். டெலிபோன் கருவிகள் செய்யும் தொழிலில் ஈடுபட்டவர்.

1891இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து நியூ கேன்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தில் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்று, 1918இல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியில் சேர்ந்தார். செய்து முடித்த பொருள்களில் பழுதானவற்றைப் பொறுக்கி எறிவதே அன்றைய வழக்கம். பழுது கண்டவுடன் இயந்திரத்தைத் திருகுவார்கள். திருகத் திருக வேறுபாடு மிகுமே தவிரக் குறையாது.

1924 மே 16ஆம் நாள் ஷூஹார்ட் தம் மேலதிகாரிக்கு ஒரே பக்கத்தில் ஒரு குறிப்பு அனுப்பினார். அதில் ஒரு சிறு படம். நடுவே சராசரிக் கோடு, மேலும் கீழும் இரண்டு எல்லைக் கோடுகள். கோடுகளுக்குள் ஊசலாடுவது அந்த வேலைமுறையின் இயல்பு; வெளியே போனால்தான் தனிக் காரணத்தைத் தேட வேண்டும். அவ்வளவே!

எண் எழுதிய வில்லைகளை ஒரு கிண்ணத்தில் இட்டு, எடுத்துக் குறித்து, மீண்டும் போட்டுக் கலக்கி ஆயிரக்கணக்கான முறை சோதித்தார். கிண்ணம் மாறவில்லை; எண்தான் மாறியது. சிறிய எண் வந்ததென்று கையைக் கடிந்து பயன் உண்டா?

நாங்கள் அப்படித்தான் கடிந்தோம். எம்.எஸ்ஸி. ஆய்வில் நால்வர் முறை வைத்து டைட்ரேஷன் செய்தோம். முடிவுகள் பொருந்தவில்லை. எங்களுள் இளையவரின் கைதான் காரணம் என்று மூவரும் தீர்ப்பளித்தோம். அவர் குழுவை விட்டே விலகப் புறப்பட்டார். அந்த வாரந்தான் ஷூஹார்ட்டைப் படித்தேன். எல்லார் அளவுகளையும் நாள் வரிசையில் குறித்தேன். இளையவரின் புள்ளிகளும் எங்களுடையவை போலவே கோடுகளுக்குள் ஊசலாடின. மூன்று நாட்களில் மட்டும் நால்வர் புள்ளிகளும் வெளியே கிடந்தன. அந்த மூன்று நாளும் கரைசல் கலந்தவன் நான்.

1925 முதல் 1956 வரை பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் பணி புரிந்தார் ஷூஹார்ட். 1931இல் பெருநூல் ஒன்று வந்தது. 1939இல் வந்த நூலைப் பதிப்பிக்க டெமிங் துணை நின்றார். வரையறுத்தல், செய்தல், சோதித்தல் ஆகிய மூன்றும் நேர்க்கோடல்ல, வட்டம் என்று அதில் காட்டினார். கண்டறிந்தது அடுத்த சுற்றைத் திருத்த வேண்டும். 1950இல் டெமிங் ஜப்பானில் சொற்பொழிவாற்றிய பின், இக் கருத்து அங்கே நான்கு படிகளாக வளர்ந்தது.

நம் நாட்டுக்கும் வந்திருக்கிறார். மகலனோபிஸின் இந்தியப் புள்ளியியல் கழகம் அழைக்க, 1947-48இல் இங்கே தங்கித் தரக் கட்டுப்பாட்டு முறையை எடுத்துரைத்தார். 1967இல் நியூ ஜெர்சியில் மறைந்தார்.

இப்போது சனிக்கிழமை தோறும் நால்வரும் கூடுகிறோம். எண்ணியது, செய்தது, அளந்தது மூன்றையும் நோட்டில் எழுதுகிறோம். வாரத்துக்கு ஒரே ஒரு மாற்றம். படம் வரையும் பொறுப்பு இளையவருக்கு. கரைசலை இருவர் சேர்ந்து கலக்கிறோம்.